ஆகாத நாளில் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகள் யூட் சிங்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். என் முழங்காலில் வலி இருக்கிறது, உன் அப்பாவின் வாயில் வீறாப்பு இருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அந்தக் கால்கரிக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் குல்லாய் போட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். வாரா வாரம் தொலைபேசியில் முகம் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அதற்கு இரண்டு காரணம். ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். மற்றது உன் அப்பா. போன ஞாயிறு புது வீட்டு ஜன்னலைக் காட்டிக்கொண்டே உன்னிடம் "எல்லாம் நான் நாள் பாத்து செஞ்சதும்மா, பஞ்சாங்கம் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கா" என்று அளந்தாரே, அதை நம்பிவிடாதே. நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், நான் வாயைத் திறந்திருந்தால் அவர் நடுவில் புகுந்து கதையை மறுபடி தன் பக்கம் திருப்பியிருப்பார். கடிதத்தில் அவரால் குறுக்கே பேச முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், கேள்.

இந்த ஹாங்காங்கில் அரசாங்க வாடகை வீட்டுக்கு எழுதிப் போட்டு எட்டு வருடம் ஆயிற்று. அப்போது நீ பள்ளிச் சீருடையில் இருந்தாய், விண்ணப்பத்தில் மூன்று பேர். நீ கனடா போன பிறகு அலுவலகத்துக்குத் தெரிவித்து உன் பெயரை எடுத்தோம், இரண்டு பேர் ஆனோம். வீடு மூன்று முறைதான் கொடுப்பார்கள். மூன்றையும் வேண்டாம் என்றால் விண்ணப்பம் ரத்து, ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். முதலில் வந்த வீட்டை உன் அப்பா வேண்டாம் என்றார், ஜன்னலைத் திறந்தால் எதிர் மலை முழுக்கக் கல்லறை. "காலையில எழுந்து செத்தவங்க மூஞ்சிலயா முழிக்கணும்" என்றார். அதற்காக நீ அவரைத் திட்டினாய், நானும் சேர்ந்து திட்டினேன். இரண்டாவது வீட்டையும் அவர்தான் தட்டிக் கழித்தார் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை, அது நான். அங்கிருந்து நான் வேலை பார்க்கும் தேநீர் விடுதிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், விடிந்தும் விடியாமலும் தட்டு கழுவப் போகிறவளுக்கு அது ஆகாது என்று நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் இன்னொன்று வரும் என்று நினைத்தேன், ஒன்றரை வருடம் ஒன்றும் வரவில்லை. அத்தனை நாளும் பழியை அவர் தலையில் போட்டேன், நீ திட்டும்போதெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அந்த ஒரு குணத்துக்காகத்தான் இந்த மனிதரை இன்னும் பொறுத்துக்கொள்கிறேன். இதை உன்னிடம் சொல்லிவிட்டேன், மனசு கொஞ்சம் இலேசாகிவிட்டது.

அந்த ஷாம் ஷுய் போ அறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அதில்தானே வளர்ந்தாய். ஆனாலும் நீ போன பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. ஒரே வீட்டைப் பலகை அடித்து ஆறு அறையாக்கின வீட்டுக்காரர் போன கோடையில் நம் அறையிலிருந்தும் ஒரு முழம் திருடி நடைவழியில் ஏழாவதாக ஒன்றைக் கட்டினார். சோற்றுக் குக்கரைக் கழிப்பறை மூடிமேல் வைத்துத்தான் சமையல், அவசரம் என்றால் குக்கரைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்க வேண்டும். பக்கத்து அறை ஆ லின் தும்மினால் நான் என் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். உன் மேல்கட்டிலில் பெட்டிகளை அடுக்கிவிட்டோம். நீ நான்கு வருடமாக ஊருக்கு வரவில்லை. கேட்டால் விமான டிக்கெட் விலை ஏறிவிட்டது என்பாய். வந்தால் எங்கே படுப்பாய் என்பதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இருவருக்கும் அவமானம்.

இப்போது மூன்றாவது வீட்டுக்கு வருகிறேன். நம் தபால் பெட்டியின் இலட்சணம் உனக்குத் தெரியும், ஏழு அறைக்கும் ஒரே பெட்டி, பூட்டு கிடையாது, கதவு ஒரு கீலில் தொங்கும். அதில் சாப்பாட்டுக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் அரசாங்கக் கடிதம் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. கழிவுத்தாள் என்று வீசப்போன குவியலிலிருந்து ஆ லின்தான் அதை உருவி எடுத்து, பலகையைத் தட்டி, "மொக் அண்ணி, கடுதாசி வந்தாச்சு! உங்களுக்கு வீடு வந்தாச்சு!" என்று கத்தினாள். உன் அப்பா கையில் வாங்கிப் படித்தார். க்வுன் தொங் பக்கம், இருபத்து மூன்றாம் மாடி, இரண்டு பேர் வீடு. ஞாயிறன்று இருவரும் போய்க் கட்டடத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம், கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம். கல்லறையும் இல்லை, தேநீர் விடுதிக்கு ஒரே ரயில். இருவருக்கும் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. திரும்பி வந்ததும் அவர் ஆணியில் மாட்டியிருக்கும் பஞ்சாங்கத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினார். "வியாழக்கிழமை போறோம், லீவு சொல்லிடு" என்றார். கடிதத்தில் குறித்த நாள் அதுதான் என்று நானும் நம்பி முதலாளியம்மாவிடம் வியாழக்கிழமைக்கு லீவு கேட்டேன். இவ்வளவு வருடம் குடித்தனம் பண்ணியும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

அந்தப் புதன்கிழமை மட்டும் எனக்குப் பிற்பகல் வேலைமுறை. காலையில், மறுநாள் கொண்டுபோக வேண்டிய காகிதங்களை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து அடுக்கும்போது அந்தக் கடிதத்தை நான் முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். கையெழுத்துப் போடக் கடைசி நாள் புதன்கிழமை என்று தடித்த எழுத்தில் இருந்தது. வியாழன் எங்குமே இல்லை. ஆணியைப் பார்த்தேன், பஞ்சாங்கத்தில் வியாழனைச் சுற்றி அவர் கையால் ஒரு சிவப்பு வட்டம், ஒப்பந்தம் செய்ய உத்தமமான நாள். புதனுக்கு நேராக, உடைவு நாள், பெரிய காரியம் எதுவும் ஆகாது என்று போட்டிருந்தது. எட்டு வருடமும் அன்று மாலை ஐந்து மணிக்குச் செத்துப்போக இருந்தது. விடுதிக்குத் தொலைபேசி செய்து உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். இவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, தள்ளுவண்டியில் துணி உருளை ஏற்றும்போது எப்போதுதான் எடுத்திருக்கிறார்? டப்பாவை ஒரு கையிலும் பஞ்சாங்கத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, ஐந்து மாடி இறங்கித் துணிக்கடைத் தெருவுக்கு ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன் என்பதை நீ மறக்கக் கூடாது.

அவர் பொத்தான் கடை வாசலில் வண்டியை நிறுத்தி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார். மரியாதையெல்லாம் அப்போது எங்கே வரும், "யோவ், கடைசி நாள் இன்னைக்குய்யா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மனிதர் அசரவில்லை. "தெரியும். இன்னைக்கு உடைவு நாள்டி. எட்டு வருஷம் காத்திருந்துட்டு உடைவு நாள்லயா கையெழுத்து போடுவேன்? நாளைக்கு போலாம். ஒரு நாள்ல அரசாங்கத்துக்கு ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். தெரிந்தே செய்திருக்கிறார், யூட் சிங்! எனக்கு வந்த கோபத்தில் அந்தத் துணி உருளையை எடுத்தே அடித்திருப்பேன், தூக்க முடியவில்லை, அதனால் தப்பித்தார். "அரசாங்கத்துக்கு இல்லய்யா, நம்ம குடிதான் முழுகும்" என்றேன். பொத்தான் கடைக்காரர், ஜிப் கடைக்காரி, எதிர்க்கடைப் பையன்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜிப் கடைக்காரி, "போய்யா, போய் போடு, என் தங்கச்சி ஆறு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா, நீ விட்டா அவளுக்காச்சும் வரட்டும்" என்று சிரிக்கிறாள். அவர் பிடித்த பிடியிலேயே நின்றார், அவர் சுபாவம் உனக்குத் தெரியாதா, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தரையைப் பார்ப்பார், அப்புறம் கிரேன் வைத்தாலும் நகர மாட்டார்.

அப்போதுதான் கையில் இருந்த பஞ்சாங்கம் ஞாபகம் வந்தது. பக்கத்தைப் பிரித்தேன். ஆகாது ஆகாது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததற்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் பிடித்துப் படித்தேன். அந்த நாளில் எது ஆகும் என்பது அது. வீடு இடிக்கலாம், சுவர் உடைக்கலாம், நோய்க்கு வைத்தியம் பார்க்கலாம். தெருவுக்கே கேட்கிற மாதிரி இரண்டு தடவை படித்தேன். "என்னய்யா செய்யப் போறோம் இன்னைக்கு? அந்தப் பலகைச் சுவர உடைச்சிட்டு வெளிய வரப் போறோமா இல்லயா? இத விட நல்ல நாள் எந்த புஸ்தகத்துல இருக்கு? வைத்தியமும் பாக்கலாம்னு போட்டிருக்கு, உன் பைத்தியத்துக்கும் சேத்துப் பாத்துக்கலாம், கெளம்பு" என்றேன். தெரு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. உன் அப்பா பஞ்சாங்கத்தை என் கையிலிருந்து பிடுங்கி, மூக்கோடு ஒட்டி வைத்து அந்த வரியைப் பார்த்தார். புத்தகத்தை எதிர்த்து அவர் என்றைக்குப் பேசியிருக்கிறார்? பிறகு பொத்தான் கடைக்காரரிடம், "வண்டிய கொஞ்சம் பாத்துக்குங்க, சுவர் ஒண்ணு உடைக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். ரயிலில் கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார், ஆனால் பஞ்சாங்கத்தை இடுக்கிக்கொண்டு நின்றார்.

அலுவலகத்தில் என்ன பார்த்தோம் தெரியுமா? எப்போது போனாலும் உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நிற்போமே, அன்று கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. எண் சீட்டு எடுத்து நாற்காலியில் உட்காரும் முன்பே நம் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மாள், நிதானமாகக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடைசி நாள்ல வந்திருக்கீங்களே, நல்ல வேளை. இன்னைக்கு உடைவு நாள் பாருங்க, காலையிலருந்து நாலு பேருதான் வந்தாங்க. நாளைக்குன்னா நிக்கக்கூட இடம் இருக்காது. உங்கள மாதிரி பஞ்சாங்கம் பாக்காதவங்க இருந்தா எங்களுக்கும் வேலை சுலபம்" என்றாள். உன் அப்பா அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை மெல்ல மேஜைக்கு அடியில் இறக்கினார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பியிருந்தால் அங்கேயே சிரித்து விழுந்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் உன்னிடம் சொல்லவே மாட்டார், அதனால் நான் சொல்கிறேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். குடியிருப்போர் இரண்டு பேர் என்று அச்சடித்திருந்த பக்கம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. உன் அப்பா தலை நிமிராமல், "எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கும்மா. ரெண்டுன்னு போட்டுட்டா அவ வரக்கூடாதுன்னு ஆயிடுமா" என்று கேட்டார். நாள் பார்த்தேன், நட்சத்திரம் பார்த்தேன் என்று இவ்வளவு நாள் ஆட்டம் காட்டிய மனிதருக்கு உள்ளே இருந்தது இதுதானா என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டமான நாளாக இருந்தால் அந்த அம்மாள் சட்டம் சொல்லி அனுப்பியிருப்பாள். அன்று அவளுக்கு அவசரம் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இது வாடகைக்கு இருக்கிறவங்க பேரு. பெத்த வீட்டுக்கு விருந்துக்கு வர்ற பொண்ண எந்த சட்டம் தடுக்கும்? ஒரு மடக்குக் கட்டில் வாங்கி வையுங்க" என்றாள். உன் அப்பா கையெழுத்துப் போட்டார். கோணல் மாணலாகப் போட்டார், ஆனால் போட்டார். வெளியே வந்ததும் தெருமுனையில் இருவரும் சூடாக ஒரு கோப்பை பால் தேநீர் குடித்தோம், அவர் தன் பங்கில் பாதியை எனக்கு ஊற்றினார்.

சாவி இரண்டு வாரத்தில் வந்தது. குடி போனது மட்டும் அவர் பார்த்த உத்தமமான நாளில்தான், அதில் நான் தலையிடவில்லை, நன்றாக இருக்கட்டும். அரிசிப் பானை நிறைய அரிசி, வறுத்த பன்றி இறைச்சி, ஆரஞ்சு எல்லாம் வைத்து வீட்டின் நான்கு மூலைக்கும் ஊதுபத்தி காட்டிக் கும்பிட்டோம். மூலைக்கு மூலை நாலு எட்டு நடக்க வேண்டியிருந்தது, அப்படி ஒரு வீடு! கழிப்பறைக்குத் தனிக் கதவு, அடுப்புக்குத் தனி இடம், ஜன்னலைத் திறந்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. இடம் முன்னைவிட மூன்று மடங்கு, வாடகை முன்பு கொடுத்ததில் பாதி கூட இல்லை. உன் அப்பா சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், கான்கிரீட். மறுபடி தட்டினார். அந்தப் பக்கமிருந்து யாரும் என்ன அண்ணே என்று கேட்கவில்லை. அப்படியே சுவரில் கையை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும் அழுதேன், எதற்கு மறைப்பானேன். பிறகு இருவரும் கழிப்பறைக் கதவை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தோம், குக்கரைத் தூக்காமல்!

பெட்டி இறக்க ஆ லின் வந்திருந்தாள். அவள் எழுதிப் போட்டு இது ஐந்தாவது வருடம், இரண்டு பிள்ளைகள், இன்னும் முதல் வீடே வரவில்லை. எது வந்தாலும் நாளும் பார்க்காதே, மலையும் பார்க்காதே, ஓடிப்போய்க் கையெழுத்துப் போடு என்றேன். "கல்லறையப் பாத்த வீடா இருந்தாலும் சரிதான் அண்ணி, செத்தவங்க சத்தம் போட மாட்டாங்க" என்றாள். சிரித்தோம், ஆனால் அவளை அந்தப் பலகை அறைக்குத் திருப்பி அனுப்பும்போது எனக்கு ஆறவில்லை. விடுதியில் முதலாளியம்மா கேள்விப்பட்டு, "குடுத்து வச்சவங்க நீங்க, எங்க வரிப் பணத்துல மாடி வீடு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். முன்பெல்லாம் நான் தலை குனிந்து தட்டைத் தேய்த்திருப்பேன். அன்று நிமிர்ந்து, "ஆமாம்மா, உங்க வரிப் பணந்தான். இருபத்திரண்டு வருஷமா உங்க கடைத் தட்டக் கழுவுன கைதான் இது. நீங்க போற பாலமும் ரயிலும் யாரு பணம்? அத தர்மம்னு யாராச்சும் சொன்னாங்களா? எங்க தலைக்கு மேல கூரை வந்தா மட்டும் ஏம்மா கணக்கு வருது" என்று கேட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். மறுநாள் குடி போனதற்கு என்று ஒரு பெட்டி பேரிக்காய் கொடுத்தாள். இந்த ஊர் தன் பணத்தைப் போட்டுக் கட்டிய வீடு இது, இந்த ஊரைக் கழுவித் துடைக்கிறவர்கள் இதில் இருக்கிறோம், இதில் கூசுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. ஆ லினுக்கும் சீக்கிரம் கட்டிக் கொடுக்கட்டும்.

நீ பணம் அனுப்புகிறேன், டிவி வாங்குங்கள் என்றாய். வேண்டாம், அந்தப் பணத்தில் நீ நல்ல பனிக்கால பூட்ஸ் வாங்கு, பழையதில் வழுக்குகிறது என்று சொன்னாயே. ராத்திரி முறை முடிந்து வந்ததும் வெறும் பிரெட் தின்று படுக்காதே, ஒரு கஞ்சியாவது வைத்துக் குடி. கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான்: கீழே எங்களுக்கென்று ஒரு தபால் பெட்டி இருக்கிறது, எண் போட்டது, பூட்டுப் போட்டது. சாவியை உன் அப்பா கழுத்தில் கட்டிக்கொண்டு தினமும் இரண்டு தடவை இறங்கிப் போய்த் திறந்து பார்க்கிறார். இதுவரை மின்சாரக் கட்டணமும் ஒரு பல் வைத்தியரின் விளம்பரமும்தான் வந்திருக்கின்றன, இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் உன் கையெழுத்தில் ஒன்று விழ வேண்டும். அதற்குத்தான் என் பெயரையும் முகவரியையும் கீழே முழுசாக எழுதியிருக்கிறேன், இனிமேல் பின்பக்கம் நாலாம் அறை என்று எழுத வேண்டியதில்லை.

உனக்கு நோய் நொடி இல்லாமல், கால் வழுக்காமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நான்கு மூலையிலும் நின்று கும்பிட்டுக்கொண்டேன். ஜன்னலுக்குக் கீழே நாடா வைத்து அளந்து பார்த்தேன், மடக்குக் கட்டில் தாராளமாக விரிகிறது. கட்டிலும் வாங்கியாயிற்று, உன் அப்பாவே தள்ளுவண்டியில் கொண்டுவந்தார், உறையைக் கூடப் பிரிக்க விடவில்லை, நீ வந்து பிரிக்க வேண்டுமாம். எப்போது வருகிறாய் என்று எழுது. அப்பாவிடம் மட்டும் நாள் கேட்காதே, அவர் பஞ்சாங்கத்தை எடுத்துவிடுவார். எந்த விமானம் கிடைக்கிறதோ அதில் ஏறி வா. உடைவு நாளாக இருந்தாலும் வா, எங்களுக்கு அது ராசியான நாள்.

இப்படிக்கு,
உன் அம்மா மொக் காம் ஹா,
அறை எண் 2317, இருபத்து மூன்றாம் மாடி,
இரண்டாம் கட்டடம், யீ ஹெங் குடியிருப்பு,
க்வுன் தொங், ஹாங்காங்.